கட்டில் பின்னுகிறவனின் மனைவிக்கு என்ன ஆயிற்று?

போரைப் புகழ்ந்து பாடுகிற ஒரு கவிதை, தன்னை வாசிக்கிறவரை ஓர் இடத்தில் நிற்கவைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது. மன்னனுக்குப் பக்கத்தில், அல்லது மன்னனிடம் பரிசில் வாங்கின புலவனுக்குப் பக்கத்தில். அங்கே நின்று பார்த்தால் களம் நன்றாகத் தெரியும். யானை விழுவது தெரியும், வேல் பாய்வது தெரியும். அந்த இடத்தில் நிற்க மாட்டேன் என்று ஒரு வாசகர் சொன்னால் அது கவிதைக்குச் செய்கிற துரோகமா? அங்கேயே நின்று கைதட்டிக்கொண்டிருந்தால் அது வேறு யாருக்காவது செய்கிற துரோகம் ஆகாதா? இலக்கிய வகுப்புகளில் இதை ரசனைப் பிரச்சினை என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இது அறம் பற்றிய பிரச்சினையாகப் படுகிறது.

இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கிக் கொடுத்தவள் ஒரு மாணவி. ஆவடிக்கு மேற்கே ரயில் பாதையை ஒட்டிய ஒரு காலனியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். இளங்கலைத் தமிழ் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். பாலிடெக்னிக் பிள்ளைகள், அம்பத்தூர் எஸ்டேட்டில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். புறநானூற்றில் சில பாட்டு, பாரதக் கதையில் சில இடங்கள், மகாசுவேதா தேவியின் கதைகள் என்று எடுத்துக்கொண்டோம். படித்து முடித்ததும் மனதில் என்ன பட்டதோ அதை எழுதுங்கள், கைடு வேண்டாம், நோட்ஸ் வேண்டாம் என்று சொன்னோம். இந்த மாணவி எழுதிக் கொண்டுவந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அவள் சம்மதத்தோடு அதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். “பேரு மட்டும் வேணாங்க்கா” என்றாள்.

1

புறநானூற்றின் 82ஆம் பாட்டு. பாடியவர் சாத்தந்தையார். பாடப்பட்டவன் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி. ஊரைக் கைப்பற்ற வந்த ஒரு பொருநனோடு அவன் செய்த போர் எத்தனை வேகமாக நடந்தது என்று சொல்ல வேண்டும். சாத்தந்தையார் அதற்கு மின்னலைத் தேடவில்லை, புலியைத் தேடவில்லை. தோல் வாரால் கட்டில் பின்னுகிற ஓர் ஆளைப் பார்க்கிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது. அவன் வீட்டில் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள். மழை பெய்கிறது. பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் அவன் கையில் இருக்கிற ஊசி எப்படிப் பறக்குமோ அப்படிப் பறந்ததாம் மன்னனின் போர். அந்த ஆளுக்குப் பாட்டு கொடுத்திருக்கிற பெயர் ‘இழிசினன்’.

இதில் தேர்வுக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உவமையின் சிறப்பை விளக்குக. வேகம், விரைவு, நுட்பம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினால் மார்க். அந்த மாணவியின் நோட்டில் ஒன்றரைப் பக்கம் இல்லை. முதல் வரியே, “அந்தப் பொம்பளைக்குக் கொழந்த பொறந்துச்சா இல்லியா?” அதற்குக் கீழே இன்னும் சில கேள்விகள். கட்டில் யார் படுப்பதற்கு? விழா யாருடைய விழா? மழையில் ஒழுகாத கூரை அவனுக்கு இருந்ததா? வேலையைப் போட்டுவிட்டு அவன் ஏன் வீட்டுக்கு ஓடவில்லை? ஓடியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

அப்புறம் இப்படி எழுதியிருந்தாள்: “எங்கப்பா மோளம் அடிக்கறவரு. நான் பொறந்தப்ப ஆடித் திருவிழா. எங்கம்மாவுக்கு வலி எடுத்துடுச்சுன்னு ஆளு போயி சொல்லியும் ஊர்ல வுடல. சாமி எறங்கற நேரம்னு சொல்லிட்டாங்க. மூணாம் நாள்தான் வந்து என்னப் பார்த்தாராம். அன்னிக்கு எங்கப்பா எவ்ளோ வேகமா அடிச்சிருப்பாரு! அத வச்சு யாராவது ராஜாவப் பாடியிருந்தா, அதுவும் இப்ப எங்க சிலபஸ்ல இருந்திருக்கும்.”

இதே கேள்விகளைக் கல்லூரித் தேர்விலும் எழுதிவிட்டாள். ‘வினாவுக்குப் புறம்பானது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கோடு போட்டுவிட்டார்கள். இந்தச் சிவப்புக் கோட்டைத்தான் நான் யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். வினாவுக்குப் புறம்பு என்றால் என்ன அர்த்தம்? பிரசவ வலியைப் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவள் அவளில்லை, சாத்தந்தையார். மழையை வைத்தவரும் அவர்தான். மன்னனின் வேகம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியவேண்டுமானால், முதலில் அந்த ஆளின் பதைப்பு நமக்குத் தெரிந்தாக வேண்டும். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது நம் நெஞ்சில் கேட்டால்தான் அந்த உவமை உவமையாக நிற்கும். அப்படியென்றால், பாட்டை ரசித்தவர் ஒவ்வொருவரும் ஏற்கெனவே அவன் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தவர்தான். வாசல் வரைக்கும் போனவர், உள்ளே ஒருத்தி கத்துகிற சத்தம் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது.

உவமை என்பது ஒரு கைமாத்து. ஒருவனின் வலியைக் கடனாக வாங்கி இன்னொருவனின் புகழுக்குக் கொடுப்பது. ஈராயிரம் வருஷமாக அந்தக் கடன் அசலும் திரும்பாமல், வட்டியும் திரும்பாமல் கிடக்கிறது. அந்தப் பெண் கேட்டது கணக்கு. கணக்குக் கேட்பது எப்படிப் புறம்பாகும்?

2

அதே சாத்தந்தையாரின் இன்னொரு பாட்டு 287. இதில் உவமையெல்லாம் இல்லை. நம் ஆட்கள் நேராகக் களத்திலேயே நிற்கிறார்கள். துடி அடிக்கிற புலையனையும், முரசுக்குக் கோல் பிடித்த இழிசினனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறது பாட்டு. பேச்சின் பொருள் என்ன? அம்பு மழையாகக் கொட்டினாலும் வீரன் பின்வாங்க மாட்டான். நெல் விளைகிற மருத நிலத்து ஊர்களைப் பரிசாகப் பெறுவது என்ன பெரிய விஷயம்? களத்தில் செத்தால் மேலுலகத்துப் பெண்களை மணக்கலாமே! இதுதான் சாரம்.

அவள் எழுதியது இரண்டே வரி: “இத யாருக்குச் சொல்றாங்க? அடிக்கறவனுக்கு. அவனுக்கு வயலும் கெடயாது, மேலுலகமும் கெடயாது. அவன்கிட்ட போயி வயல் பெரிய விஷயமில்லன்னு சொல்றாங்க.”

இதைப் படித்தபோது எனக்குக் கவிதை மறந்து நிலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் உட்கார்ந்து பேசுகிற இந்த ஆவடி, பூந்தமல்லிப் பகுதியெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து 1891இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு மூலம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் அப்படிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. அதே செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். நிலம் பெரிய விஷயமில்லை என்று நிலம் இல்லாதவனிடம் சொல்கிற பேச்சு எவ்வளவு பழசு, அதற்கு அவன் உயிரைக் கொடுத்துச் சொன்ன பதில் எவ்வளவு புதுசு என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

தமிழ்ப் பண்பாட்டைத் தலித் பார்வையில் வாசிக்க வேண்டும் என்று 90களில் ராஜ் கௌதமன் எழுதியபோது, அது பண்பாட்டையே பழிப்பது என்று பலர் கோபப்பட்டார்கள். இந்த மாணவி அந்தப் புத்தகங்களைப் படித்தவள் இல்லை. அப்பாவின் மேளத்திலிருந்து நேராக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். கோட்பாடு பிறகு வரட்டும். அனுபவம் முதலில் வந்துவிட்டது.

3

ஆவடியில் புராணத்தையும் போரையும் பிரிக்கவே முடியாது. 1960களில் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. முதலில் விஜயந்தா டாங்கி. பிறகு ரஷ்ய மாதிரியில் செய்த டி-90 டாங்கிக்குப் ‘பீஷ்மா’ என்று பெயர். இங்கேயே வடிவமைத்த டாங்கிக்கு ‘அர்ஜுன்’ என்று பெயர். 2021 அக்டோபரில் படைத்தளவாடத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றிப் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். டாங்கிகளின் பெயர் மட்டும் மாறவில்லை.

“பீஷ்மர் இருக்காரு, அர்ஜுனன் இருக்காரு. ஏகலைவன் பேர்ல ஒரு டாங்கி உண்டாக்கா?” என்று வட்டத்தில் கேட்டாள். ஒரு பையன் சட்டென்று, “கட்டைவிரல் இல்லாம ட்ரிகர் எப்டி இழுக்கறது?” என்றான். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை.

பாரதத்தில் மேலே உள்ளவர்களுக்காகக் கீழே உள்ளவர்கள் சாகிற கதைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். இடும்பியின் மகன் கடோற்கசன். கர்ணன் அர்ஜுனனுக்கென்று வைத்திருந்த சக்தி ஆயுதத்தைத் தன் மேல் வாங்கிச் செத்தான். அவன் செத்ததும் கண்ணன் சந்தோஷத்தில் ஆடினான் என்று துரோண பருவமே சொல்கிறது. நாகப் பெண்ணின் மகன் அரவான். பாண்டவர் ஜெயிக்கக் களபலி ஆனவன். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கர்ண மோட்சத்துக்கும் அரவான் களபலிக்கும் கிழவிகள் விடிய விடிய அழுவார்கள். அரவானுக்காவது கூத்து இருக்கிறது, அழ ஆள் இருக்கிறது.

அரக்கு மாளிகையில் எரிந்தவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில், குந்தி விருந்து வைத்த நாளில் ஒரு நிஷாதப் பெண் தன் ஐந்து பிள்ளைகளோடு சாப்பிட வருகிறாள். சாப்பிட்டுக் குடித்து அங்கேயே தூங்கிப்போகிறாள். அன்றைக்கு ராத்திரி பீமன் மாளிகைக்குத் தீ வைக்கிறான். பாண்டவர்கள் சுரங்கத்தில் தப்பிக்கிறார்கள். காலையில் கிடந்த ஆறு கரிக்கட்டைகளைப் பார்த்து, குந்தியும் ஐந்து மக்களும் செத்துவிட்டார்கள் என்று ஊர் அழுகிறது. செத்தவர்களைப் பார்த்துத்தான் அழுதார்கள், ஆனால் செத்தவர்களுக்காக அழவில்லை.

மகாசுவேதா தேவி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ‘குந்தியும் நிஷாதப் பெண்ணும்’ என்ற கதையை எழுதினார். போர் முடிந்து காட்டுக்குப் போன குந்தி, தன் பாவங்களை நினைத்துப் பார்க்கிறாள். கர்ணனைக் கைவிட்டது ஞாபகம் இருக்கிறது. அரக்கு மாளிகை ஞாபகத்திலேயே இல்லை. எரிந்துபோன அந்தத் தாயின் மருமகள் வந்துதான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ‘ஐந்து பெண்கள்’ என்ற இன்னொரு கதையில், குருட்சேத்திரத்தில் செத்த காலாட்படைக்காரர்களின் மனைவிமார் வருகிறார்கள். அரண்மனை விதவைகள் வெள்ளை உடுத்தி ஒடுங்கிக் கிடக்க, இவர்கள் வயலுக்குத் திரும்பிப் போகிறார்கள். அவர்களுக்கு இது தர்மயுத்தம் இல்லை, ராஜாக்களின் பங்காளிச் சண்டை.

இந்த மாணவியின் நோட்டில், குந்தி கதைக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது: “செஞ்ச பாவம் பெருசா, செஞ்சதே ஞாபகம் இல்லாதது பெருசா?” ஒரு தத்துவப் பாடப்புத்தகத்தின் அத்தியாயத்துக்குத் தலைப்பாக வைக்கலாம் இதை. என் வரையில் பதில் இதுதான். செய்த பாவத்துக்கு ஒரு நாள் வருத்தம் வரலாம். வருத்தம் வந்தால் பரிகாரமும் வரலாம். ஞாபகமே இல்லாத இடத்தில் எதுவும் முளைக்காது. சாதியின் வேலையே அதுதான். சிலருடைய சாவை ஞாபகம் வைக்கத் தேவையில்லாததாக ஆக்கிவைப்பது.

4

இதுவரைக்கும் சொன்னது சுலபமான பகுதி. மன்னன் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம் என்று கோடு போட்டாயிற்று. கஷ்டமான பகுதி இனிமேல்தான்.

அந்த மாணவியின் தம்பி ராணுவத்துக்குப் போக வேண்டும் என்று விடிகாலையில் எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறான். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷ வேலை. அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். ‘நீ யாருக்காகச் சாகப் போற?’ என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதியிருக்கிறாள்: “யூனிஃபார்ம் போட்டுக்கினு அப்பா ஊருக்குப் போவேன். பெரிய தெரு வழியா பைக்குல போவேன். எவன் எறங்கச் சொல்றான்னு பாக்கறேன்.”

இந்தப் பதிலைச் சும்மா தள்ளிவிட முடியுமா? அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவ சுபேதார். ராணுவப் பள்ளிக்கூடம் இருந்ததால்தான் அந்தக் குடும்பத்துக்குள் எழுத்து வந்தது. மகர்களைப் படையில் சேர்ப்பதை 1890களில் பிரிட்டிஷார் நிறுத்தினார்கள். ‘வீர இனம்’ என்று ஒரு பட்டியல் போட்டு அதிலிருந்து நம்மை எடுத்துவிட்டார்கள். 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவாகும் வரைக்கும் அம்பேத்கர் அதற்காக வாதாடியிருக்கிறார். 1818 ஜனவரி 1 அன்று கோரேகாவ்னில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற மகர் வீரர்களின் தூணுக்கு 1927 ஜனவரி 1 அன்று நேரில் போய் மரியாதை செய்தார். சென்னைப் படையின் சாப்பர் பிரிவுகளில் பறையர்கள் ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள், குழி வெட்டினார்கள். ஆயுதமும் சீருடையும் மறுக்கப்பட்டவனுக்கு அவை கிடைப்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. மூன்று வேளை சாப்பிட்டவர் உபவாசத்தின் பெருமையைப் பேசுவதுபோல, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பையனுக்குச் சமாதானம் போதிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘நம்மவனும் வீரன்தான்’ என்று காட்டுவதற்காக நாம் எழுதுகிற வரலாறு, எந்தப் பாட்டில் நமக்கு இடம் இல்லையோ அந்தப் பாட்டையே கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லி இடம் கேட்கிறது. பாட்டு மாறுவதில்லை. கட்டில் பின்னினவன் இப்போது வேல் பிடிக்கிறான். அவன் வேகத்தைச் சொல்ல இன்னொருவனின் ஊசி தேவைப்படும். அம்பேத்கர் கோரேகாவ்னை ஞாபகப்படுத்தினார். அங்கேயே நின்றுவிடவில்லை. 1956இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் புத்தரின் இடம். கலிங்கத்தை ஜெயித்த பிறகு அசோகன் போய்ச் சேர்ந்ததும் அந்த இடம்தான். சுயமரியாதைக்கான சண்டையையும் போரின் புகழையும் ஒன்றாகக் குழைத்துவிடக் கூடாது என்பது அந்தப் பாதையில் எனக்குக் கிடைக்கிற பாடம்.

அந்தப் பையன் கேட்பது பெரிய தெருவில் வண்டியில் போகிற உரிமை. அதற்கு விலையாக அவன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியது அவனில்லை. அந்தத் தெரு.

5

கடைசியாகத் தாய்மார்கள். ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டில் ஒரு பெண். அன்றைக்குத் தகப்பன் யானையைக் கொன்று செத்தான். நேற்று கணவன் ஆநிரைச் சண்டையில் செத்தான். இன்று போர்ப்பறை கேட்கிறது. இருக்கிற ஒரே பிள்ளையின் பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278இல் ஒரு கிழவி. மகன் புறமுதுகு காட்டிச் செத்தான் என்று பலரும் சொல்ல, அது உண்மையானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்து எறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டதும், பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்ந்தாளாம்.

ஆம்பளைகள் எழுதிய பொய் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இரண்டையும் பாடினவர்கள் பெண்கள். மேடைப் பேச்சில் இவர்களைக் கூப்பிடாத ஆள் கிடையாது. 80களிலும் 90களிலும் ஈழத்துத் தாய்மார்களைப் ‘புறநானூற்றுத் தாய்’ என்று சொல்லிச் சொல்லித்தான் இங்கே கைதட்டல் வாங்கினார்கள். கைதட்டினவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனார்கள். அங்கே கடைசி வருஷங்களில் புலிகள் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இழுத்துக்கொண்டு போக, 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் இலங்கை ராணுவத்தின் ஷெல் துரத்தியது. பிள்ளைகளை ஒளித்துவைக்கப் பதுங்குகுழி வெட்டின தாய்மார்களை எந்த மேடையும் பாடவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்காக உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே பல பேர் செத்தும் போனார்கள்.

அந்தப் போர் எங்கள் பக்கமும் வந்தது. ஈழ அகதிகளை அடைத்துவைத்த சிறப்பு முகாம் ஒன்று பூந்தமல்லியில் இருந்தது. ராஜீவ் கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றமும் பூந்தமல்லிதான். 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் அங்கே மரண தண்டனை கொடுத்தார்கள். அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் நாலு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. அதில் ஒருவரான பேரறிவாளனை 1991இல் கைது செய்தபோது அவருக்கு 19 வயது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவிக்கும் வரை அவர் அம்மா அற்புதம் அம்மாள் 31 வருஷம் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் நடந்தார். என் பிள்ளையைக் கொடு என்று கேட்ட தாய் அவர். என் பிள்ளையை எடுத்துக்கொள் என்று சொல்கிற தாய்க்குத் துறையும் திணையும் வகுத்து ‘மூதின் முல்லை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். கொடு என்று கேட்கிற தாய்க்கு நம் இலக்கணத்தில் என்ன துறை?

இனி மாணவியின் நோட்டு. 279க்குக் கீழே: “எங்கம்மா தம்பிக்கு எண்ணெ தேச்சு வுடல. சர்டிபிகேட் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல போட்டுக் குடுத்துச்சு. குடுத்துட்டு அடுப்பாண்ட போயி குந்திக்கினு இருந்துச்சு. அத யாரும் எழுத மாட்டாங்க.” 278க்குக் கீழே எழுதியதை நான் பல தடவை படித்துவிட்டேன்: “மகனத் தேடறதுக்கு அந்தக் கெழவி எத்தினி பொணத்தப் புரட்டியிருக்கும்? அதுங்களுக்கெல்லாம் அம்மா இல்லியா?”

6

இந்தக் கேள்வியோடு என் முதல் கேள்வி வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. கட்டில் பின்னினவனைக் கேட்டதும், துடி அடித்தவனைக் கேட்டதும், நிஷாதப் பெண்ணைக் கேட்டதும் ‘நம்ம ஆளு’ என்பதால் கேட்ட கேள்விகள் என்று ஒருவர் வாதிடலாம். தலித் வாசிப்பு தன் சாதிக்காரனை எண்ணிப் பார்க்கிற வாசிப்புதானே என்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் கேட்கவும் செய்கிறார்கள். புரட்டப்பட்ட பிணங்கள் என்ன சாதி? பாட்டில் சொல்லவில்லை. எந்தப் பக்கத்துப் படை? அதையும் சொல்லவில்லை. அவள் கேட்டது அவர்களுக்காகவும்தான். எண்ணப்படாதவர்களில் ஒருத்தியாகப் பிறந்தவள், எண்ணப்படாத எல்லாரையும் எண்ணத் தொடங்குகிறாள். நம்மிலிருந்து தொடங்குகிறோம், உண்மை. வேறு எங்கிருந்து தொடங்குவது? நம்மோடு முடிந்துவிட்டால் அது வெறும் கணக்கு. அடுத்தவன் வீட்டுப் பிணத்துக்கும் அம்மா உண்டு என்று போய் நின்றால்தான் அதற்கு அறம் என்று பெயர். 1984இல் யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தாய்மார் அன்னையர் முன்னணி தொடங்கினார்கள். 1990இல் தெற்கே, ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் அதே பெயரில் தொடங்கினார்கள். பாஷை வேறு, கேள்வி ஒன்று.

பழைய பாட்டிடம் இன்றைய கேள்வியைக் கேட்கலாமா என்பது இன்னொரு ஆட்சேபம். பழைய பாட்டை இன்றைய மேடையில், இன்றைய பாடத்திட்டத்தில், இன்றைய பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பப் பயன்படுத்தலாம் என்றால், இன்றைய கேள்வியையும் கேட்கலாம். ஒரு வழிக்கு மட்டும் கதவு திறந்திருக்காது.

அப்படியானால் இந்தப் பாட்டுகளைக் கொளுத்திவிடலாமா? வட்டத்தில் ஒரு தோழர் அப்படித்தான் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாத்தந்தையாரின் வாய் மன்னனைப் புகழ்ந்தது. அது அவர் பிழைப்பு. ஆனால் அவர் கண், மழையில் உட்கார்ந்து கட்டில் பின்னுகிறவனைப் பார்த்துவிட்டது. பெண்டாட்டியின் வலியையும், சாய்கிற பொழுதையும் பார்த்துவிட்டது. நச்செள்ளையாரின் வாய் கிழவி மகிழ்ந்தாள் என்று சொல்லிற்று. அவர் கண், அவள் பிணங்களைப் புரட்டினதை விடாமல் பார்த்தது. கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்திகளில் இந்தக் கண் இல்லை. வாய் மட்டும்தான் உண்டு. வாய் சொன்னதை நம்பி, கண் பார்த்ததைக் கோட்டைவிட்டால் நாம்தான் அந்தப் பாட்டைக் கொளுத்தினவர்கள். கண் பார்த்து வாய் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்பதுதான் வாசகரின் கடமை. புலவருக்கு அதைக் கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. பரிசில் நின்றுபோகும். நமக்கு என்ன நின்றுபோகும்?

கொஞ்சம் மார்க் நின்றுபோகும். அதனால் இந்தப் பக்கங்களை வாசிக்கிற ஆசிரியத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். புறநானூறு நடத்துங்கள். உவமையின் சிறப்பையும் கேளுங்கள். ஒரு பிள்ளை விடைத்தாளில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததா என்று எழுதி வைத்தால், சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்தப் பிள்ளை பாடத்தை விட்டு வெளியே போகவில்லை. பாட்டுக்கு உள்ளே, நாம் யாரும் இதுவரை போகாத அறைக்குள் போயிருக்கிறது. மார்க் போடுங்கள். முடிந்தால், அது கேட்ட கேள்வியை அடுத்த வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.